செவ்வாய்க்கிழமை யார் ஓட்டுவது?

தோப்பு வேலைக்கு வண்டி வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு விளையாட்டுச் சாமான் வாங்கும் பழக்கம் நம் பக்கத்தில் பரவி வருகிறது. அதை எதிர்த்து நாலு வார்த்தை எழுதியே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறேன். சிலருக்குக் கோபம் வரும். என் மருமகனுக்குக் கட்டாயம் வரும். வரட்டும்.

நான் சொல்வது ஏ.டி.வி. என்கிற நாலு சக்கர வண்டியை. மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடி, குதிரை மேல் கால் போட்டு உட்காருவது மாதிரி இருக்கை, உப்பிப்போன நான்கு டயர்கள். சுற்றுலா இடங்களில் காசு கொடுத்து வட்டமடித்துவிட்டு வருவார்களே, அதேதான். எந்தத் தரையிலும் ஓடும் என்பது அதன் பெயரிலேயே இருக்கிற வாக்குறுதி. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது 'தூ தெரேன்' என்று காதில் விழுகிறது. எல்லாத் தரையும் என்று பொருள். தரையைப் பற்றி எல்லாம் சொல்கிற அந்தப் பெயர், ஓட்டுகிற ஆளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

காட்ரோட்டிலிருந்து கெங்குவார்பட்டி, ஜி.கல்லுப்பட்டி, தேவதானப்பட்டி வரைக்கும் மலையடிவாரத்து மாந்தோப்புகள் எப்படிக் கைமாறுகின்றன என்று உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவர்கள் சனிக்கிழமை காலையில் வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்புகிறவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது அந்த வகைதான். போன மாதம் என் மருமகன் பெங்களூரிலிருந்து போன் செய்தார்.

"மாமா, தோப்புக்கு ஒரு ஏ.டி.வி. எடுத்துரலாம். எருவும் இழுக்கலாம், காயும் சுமக்கலாம். லீவுக்கு வந்தா பசங்களும் ஜாலியா ஓட்டுவாங்க."

"ஞாயித்துக்கிழமை நீங்க ஓட்டுவீங்க மாப்பிள்ளை. செவ்வாய்க்கிழமை யார் ஓட்டுறது?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் வழக்கு முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் வருகிறவருக்காக வண்டி பார்க்கிறோம். மீதி ஐந்து நாளும் தோப்பில் கிடக்கிற ஆளை யாரும் கேட்பதில்லை. வண்டியின் கீழே மாட்டிக்கொள்ளப் போவது பெரும்பாலும் அவர்தான்.

பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரு நல்ல சொல் உண்டு: 'காயே தெ ஷார்ழ்'. ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால், அது என்னென்ன வேலை செய்ய வேண்டும், எவ்வளவு தாங்க வேண்டும் என்று எழுதி வைக்கிற பட்டியல். அதை எழுதி முடித்த பிறகுதான் கடைக்காரன் முகத்தைப் பார்க்க வேண்டும். புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். பட்டியல் இல்லாமல் வந்த கொள்முதல் கோப்பு எதுவாக இருந்தாலும், அதற்குள் யாரோ ஒருவருடைய ஆசை ஒளிந்திருக்கும். தோப்பு வண்டிக்கும் அதே கதைதான். ஆகவே பட்டியலை எழுதுவோம்.

முதலில் சுமை. நம் தோப்பில் என்ன சுமக்கிறோம்? எரு, வெட்டிய கிளை, மாங்காய் கிரேடு, மருந்தடிக்கத் தண்ணீர். இருநூறு லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பினால், டிரம்மை விட்டுவிட்டே 200 கிலோ. இந்த ஏ.டி.வி.க்களின் பின்தாங்கி பொதுவாக 80 கிலோவோடு நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பின்னால் தனியாக ஒரு இழுவைப் பெட்டி மாட்ட வேண்டும். அந்தப் பெட்டியோடு மாமரங்களுக்கு இடையில் திரும்பிப் பாருங்கள். பாதி நிரம்பிய தண்ணீர் டாங்கி சரிவில் அலையடித்து வண்டியை எந்தப் பக்கம் இழுக்கும் என்று டாங்கிக்கே தெரியாது.

இரண்டாவது, நிலத்துக்கு அது என்ன செய்யும்? உழுமா? மரங்களுக்கு நடுவே இடையுழவு போட வேண்டாமா? டிராக்டரின் பின்பக்கம் ஒரு சுழல்தண்டு இருக்கிறது. அதில் ரொட்டவேட்டரை மாட்டலாம், மருந்தடிக்கும் பம்பை மாட்டலாம், தேவைப்பட்டால் கிணற்று மோட்டாருக்குப் பதிலாகத் தண்ணீர் இறைக்கும் பம்பைக்கூட மாட்டலாம். ஏ.டி.வி. என்பது ஓடும், நிற்கும். அதன் வேலை அத்தோடு சரி.

மூன்றாவது, சட்டம். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பலர் "நம்ம தோப்புக்குள்ளதானே ஓட்டப் போறோம், பதிவு எதுக்கு?" என்று கேட்கிறார்கள். தோப்புக்கு உள்ளே மட்டும் என்றால் வாதம் நிற்கலாம். ஆனால் தோப்புக்கும் வீட்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது? வண்டிப்பாதை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 'பொது இடம்' என்பதற்குத் தார் ரோட்டை மட்டும் சொல்லவில்லை. பொதுமக்களுக்குப் போய்வர உரிமை உள்ள எந்தப் பாதையும் பொது இடம்தான். பக்கத்துத் தோப்புக்காரர் மாடு ஓட்டிப் போகிற ஓடைப்பாதையும் அதில் அடங்கும். பதிவு இல்லாத வண்டியை அங்கே ஓட்டக் கூடாது என்கிறது 39-ஆம் பிரிவு. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ஓட்டக் கூடாது என்கிறது 146-ஆம் பிரிவு. பதிவில்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம். அபராதம் போகட்டும். எதிரே வந்த பால்காரர் மேல் வண்டி ஏறிவிட்டால் இழப்பீட்டை உங்கள் ஓய்வூதியத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் என்று ஒன்று உங்கள் பக்கம் நிற்காது.

பேரப்பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். 2019-இல் செய்த திருத்தத்தில் 199-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றமானால், பாதுகாவலரும் வண்டியின் உரிமையாளரும் பொறுப்பு. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமமும் கிடைக்காது. வண்டி யார் பெயரில் இருக்கும்? நிலம் உங்கள் பெயரில், முகவரி உங்கள் வீடு, ஊரில் நிரந்தரமாக இருப்பவர் நீங்கள். கையெழுத்து போடச் சொல்லி உங்களிடம்தான் தாளை நீட்டுவார்கள்.

"பதிவு செய்யக் கூடிய ஏ.டி.வி. வந்துவிட்டதே" என்று மருமகன் சொன்னார். உண்மைதான். போலாரிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 'ஸ்போர்ட்ஸ்மேன் 570' என்ற வண்டியை டிராக்டர் வகையில் பதிவு செய்யும்படி மாற்றி, 2019-இல் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது விலை 8 லட்சத்தை ஒட்டி இருந்தது. டிராக்டர் என்ற பெயரில்தான் ரோட்டுக்கு வர முடிகிறது என்றால், டிராக்டரையே வாங்கிவிட்டுப் போகலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பணத்துக்குள் 20 குதிரைத்திறன் கொண்ட சின்ன டிராக்டர், ஒரு ரொட்டவேட்டர், ஒரு டிரெய்லர் மூன்றும் வந்து, மிச்சமும் இருக்கும்.

இந்த வண்டி பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1970-இல் ஹோண்டா நிறுவனம் மூன்று சக்கரத்தில் இதன் முன்னோடியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. குளிர்காலத்தில் அங்கே மோட்டார் சைக்கிள் விற்காது. கடைக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று வடிவமைத்த வண்டி அது. விவசாயிகளின் கைக்கு அது பிறகுதான் போனது. மூன்று சக்கர வண்டி கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்கள் செத்ததில், 1988-இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி அதன் விற்பனையையே நிறுத்தினார்கள். நாலு சக்கரம் வந்த பிறகும் ஆபத்து தீரவில்லை. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர்களின் வண்டியை ஓட்டக் கூடாது, ஒருவருக்கான வண்டியில் இரண்டாவது ஆளை ஏற்றக் கூடாது என்று வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டி விற்கிறார்கள். நம் ஊரில் அந்த ஒட்டுத்தாளைப் படிக்கிறவர் யார்?

ஏன் கவிழ்கிறது? வண்டி குட்டை, அகலம் குறைவு, ஆள் உயரத்தில் உட்காருகிறார். சரிவில் போகும்போது ஓட்டுகிறவர் தன் உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்துச் சமன் செய்ய வேண்டும். அதற்குத்தான் அந்த நீளமான இருக்கை. அதைப் பார்த்து "இன்னொருத்தர் உக்காரலாம்" என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பின்னால் ஆள் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவருக்கு நகர இடமில்லை. மேடேறும்போது முன்சக்கரம் தூக்கும். கவிழ்ந்தால் 300 கிலோவும் ஆள் மேலேயே விழும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நம் அடிவாரத்தில் இது நடந்தது. ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். எங்கோ பொழுதுபோக்குத் திடலில் ஓடிய பழைய வண்டி ஒன்றை வெளியூர்க்காரர் தோப்புக்கு வாங்கிப் போட்டிருந்தார். பதிவு இல்லை, காப்பீடு இல்லை. அவருடைய கல்லூரிப் பையன் ஓட்ட, தோப்பில் வேலை பார்க்கிற ஆள் மருந்து கேனை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறார். வாய்க்கால் கரை சரிந்தது. பையன் குதித்துவிட்டான். பின்னால் இருந்தவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. வண்டிக்காரர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவைக் கையிலிருந்து கொடுத்தார். ஆனால் இலவ மரமும் மாமரமும் ஏறிச் சம்பாதித்த மனிதர் அதற்குப் பிறகு மரம் ஏறவில்லை. நான் பார்க்கப் போனபோது, "வேணாம்னு எப்படிங்கய்யா சொல்றது? மொதலாளி வீட்டுப் பையன் ஏறுன்னா ஏறத்தானே செய்யணும்" என்றார். வண்டி தேர்ந்தெடுத்தபோது அவரை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

எதிர்வாதத்தையும் மறைக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆட்டுப் பண்ணைக்காரர்கள் இதை ஓட்டித்தான் பிழைக்கிறார்கள் என்பார்கள். சரி. அங்கே நூற்றுக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலம், ஒற்றை ஆள், சுமை குறைவு, வேலி பார்த்து வர வேண்டும். உப்பிய டயரில் காற்றழுத்தம் மிகக் குறைவு என்பதால் சேற்றிலும் மணலிலும் புதையாமல் போகும். இதெல்லாம் உண்மையான வசதி. ஆனாலும் அந்த ஆஸ்திரேலியாவிலேயே பண்ணைகளில் சாவு தொடர்ந்ததால், 2021 அக்டோபரிலிருந்து விற்கிற ஒவ்வொரு புதுப் பண்ணை ஏ.டி.வி.யிலும் கவிழும்போது ஆளைக் காக்கும் கம்பி வளைவு இருந்தாக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஹோண்டாவும் யமஹாவும் அந்த விதியை ஏற்காமல் அங்கே இந்த வண்டி வியாபாரத்தையே விட்டு விலகின. நமக்கு இருப்பது மூன்று ஏக்கர் மாந்தோப்பு. ஒரு மூலையிலிருந்து கூப்பிட்டால் இன்னொரு மூலையில் கேட்கும்.

இப்போது நம் பக்கத்து ஆட்கள் மலைக்கு வண்டி தேர்ந்தெடுத்த விதத்தைப் பாருங்கள். கம்பம், தேவாரம், போடி பக்கம் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பும். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகள். யுத்த காலத்தில், 1941-இல், அமெரிக்கப் படைக்கு வில்லிஸ் செய்த வண்டி அது. 1947-இல் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் அதைப் பூட்டி விற்கத் தொடங்கியது. 1979-இல் அதே நிறுவனம் பிரான்சின் பெழோ நிறுவனத்தோடு டீசல் இஞ்சினுக்கு ஒப்பந்தம் போட்டது. இந்தப் பக்கத்துச் சரிவுகளில் திணறாமல் ஏறிய அந்த ஜீப்புகள் பலவற்றின் வயிற்றில் இருந்தது பிரெஞ்சு இஞ்சின் என்று எண்ணினால் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். மரியாதையாகச் சொல்ல வேண்டியது என்னவென்றால், ஏலத்தோட்டக்காரர் யாரும் விளம்பரப் படம் பார்த்து ஜீப் வாங்கவில்லை. மூட்டை ஏறுமா, ஆள் ஏறுமா, மழையில் லோ கியரில் ஏறுமா, உடைந்தால் கம்பத்தில் சாமான் கிடைக்குமா? பட்டியல் அவர்கள் தலையிலேயே இருந்தது. அந்த ஜீப்பிலும் பேராசைப்பட்டு ஆட்களை அடைத்ததில் எத்தனை கூலிப்பெண்கள் மலைப்பாதையில் உயிரை விட்டார்கள் என்பதையும் மறக்கவில்லை. நல்ல வண்டியையும் கெட்ட கணக்கு கொன்றுவிடும்.

பொழுதுபோக்குக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தோப்பு வேலை என்பது சாக்கு, மஞ்சளாற்று மணலிலும் மலைச்சரிவிலும் ஓட்டுவதுதான் ஆசை என்று சிலர் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். தோப்பு வேலி முடிகிற இடத்துக்குச் சற்று மேலே காடு ஆரம்பிக்கிறது. அது காப்புக்காடு. 2013-இல் அறிவித்த கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தில் நம் தேனி மாவட்டத்துச் சரிவுகளும் அடக்கம். அங்கே அனுமதியில்லாமல் கால் வைப்பதே குற்றம், சக்கரம் வைப்பதைக் கேட்க வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும்போது சூடான சைலன்சர் உரசினால் போதும். தீயை அணைக்க மலை ஏறப் போவது வார இறுதியில் வந்தவர் இல்லை. காட்டுமாடு மிரண்டு இறங்கினால் அது நுழைவதும் அவர் வீட்டு வாசலில் இல்லை.

சரி, எதைத்தான் வாங்குவது? என் முடிவைச் சொல்கிறேன்.

ஐந்து ஏக்கருக்குள் தோப்பு என்றால் பெரும்பாலும் எதையும் வாங்காதீர்கள். குமாஸ்தா கணக்கு ஒன்று போடுவோம். 8 லட்சத்தை வைப்புத்தொகையில் போட்டு 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 56,000 ரூபாய். டிராக்டர் வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்றே வையுங்கள். 56 மணி நேரம் ஓட்டலாம். மூன்று ஏக்கருக்கு வருடம் இரண்டு உழவு, எருவடி, காய் இறக்கு, கிளை அள்ளுவது எல்லாம் சேர்த்தாலும் 30 மணி தாண்டாது. முதலும் அப்படியே இருக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் உழவன் செயலி வழியாகவே டிராக்டர் பதியலாம். செல்போன் தெரிந்த பேரன் இதற்குப் பயன்படட்டும்.

சொந்தமாகத்தான் வேண்டும், நிலம் கொஞ்சம் பெரிசு என்றால் சின்ன டிராக்டர். கவிழ்வுக் காப்புக் கம்பி உள்ளதாக, இருக்கைப் பட்டை உள்ளதாகப் பாருங்கள். டிராக்டரும் வரப்பில் கவிழும், கிணற்றில் விழும்; அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் கம்பியும் பட்டையும் கேட்கிறேன். மட்கார்டில் ஆள் உட்கார வைக்கிற வழக்கத்தையும் அன்றைக்கே நிறுத்துங்கள். தோப்பு இடுக்கு அதிகம், வாழை ஊடுபயிர் என்றால் 13 குதிரைத்திறன் பவர் டில்லர் போதும். இரண்டுக்கும் வேளாண் இயந்திரமயமாக்கல் துணைத் திட்டத்தில் மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு. ஏ.டி.வி.க்கு மானியம் கேட்டுப் போனால் எழுத்தர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அவர் பார்வை நியாயமானது.

ஆளும் சாமானும் சேர்ந்து போக வேண்டும், பாதை கரடு என்றால் பதிவும் தகுதிச் சான்றும் சரியாக உள்ள நாலு சக்கர இழுவை ஜீப். பெரியகுளத்திலோ வத்தலக்குண்டிலோ அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். ஏ.டி.வி.யின் பெல்ட் அறுந்தால் தீபாவளிக்குச் சொல்லி பொங்கலுக்கு வரும் சாமானுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஐம்பது ஏக்கர் எஸ்டேட், உள்ளேயே சொந்தப் பாதை, மேற்பார்வைக்கு ஒற்றை ஆள், ஹெல்மெட் போடுகிற ஒழுக்கம்: இந்த நாலும் இருக்கிறவர் ஏ.டி.வி. வாங்கட்டும். அவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் பட்டியல் எழுதிவிட்டு வாங்குகிறார்.

மற்றவர்களுக்கு, முக்கியமாக என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வண்டிப் படத்தைச் செல்போனில் காட்டும்போது மனம் இளகத்தான் செய்யும். அவர்கள் ஊருக்கு அடிக்கடி வருவார்கள் என்ற ஆசையில்தான் நாம் தலையாட்டுகிறோம். வண்டிக்காக வருகிற பிள்ளை வண்டி சலித்ததும் நின்றுவிடுவான். மாங்காய்க்கும் ஆற்றுக்கும் நமக்கும் வருகிறவன் வந்துகொண்டே இருப்பான். ஆகவே கையெழுத்து போடுவதற்கு முன் தோப்பில் வேலை பார்க்கிற ஆளைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வையுங்கள். ஒரு காபி கொடுத்து, "உனக்கு எந்த வண்டிப்பா தோதுப்படும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அப்படியே பட்டியலின் முதல் வரியாக எழுதுங்கள்.